ஐதரசன் ஓட்டோவும் மங்கல விளக்கும்

ஐதரசன் வாயுவில் ஓடுகிற வண்டியில் நான் முதன்முதலாகப் போன இடம் பொலிஸ் நிலையம்.

போன மாதம், அமைச்சுக்குப் புதிதாக வந்த உங்கள் பயிற்சி வகுப்பில் இதைச் சொன்னபோது சிரித்தீர்கள். சிரித்து முடிப்பதற்குள் தேநீர் வந்துவிட்டது. ரோல்ஸ் தட்டைக் கண்டதும் எல்லோரும் எழும்பிப் போய்விட்டீர்கள். மிச்சத்தைக் கேட்க ஒருவரும் திரும்பி வரவில்லை. ஆகவே எழுதுகிறேன். எனக்கு இனிக்க இனிக்க எழுத வராது. எரிபொருள் அமைச்சில் பொறியியலாளராக வேலை செய்த காலம் முழுக்கக் குறிப்புகள்தான் எழுதினேன். அவற்றையும் ‘தொனி கடுமை’ என்று ஓரத்தில் கிறுக்கித் திருப்பி அனுப்புவார்கள்.

உங்கள் புதிய ஐதரசன் கொள்கை வரைவை எனக்கும் அனுப்பியிருந்தீர்கள். வாசித்தேன். படங்கள் நன்றாக இருக்கின்றன. பச்சை ஐதரசன், நீல ஐதரசன், சாம்பல் ஐதரசன் என்று, எதிலிருந்து எடுத்தது என்பதற்கேற்ப நிறம் நிறமாகப் பெட்டி போட்டிருக்கிறீர்கள். ஆனால் பழைய கொள்கையில் இருந்த ஒரு வரியைக் காணவில்லை. அந்த வரி எப்படி அங்கே வந்தது என்று தெரிந்திருந்தால் வெட்டியவரின் கை கொஞ்சமாவது தயங்கியிருக்கும். அது தெரியட்டும் என்றுதான் இதைச் சொல்கிறேன்.

சமாதானப் பேச்சு முறிந்து சண்டை மறுபடி மூண்டிருந்த காலம் அது. கொழும்பில் சந்திக்குச் சந்தி சோதனைச் சாவடி. எண்ணெய் விலை வாராவாரம் ஏறியது. நான் வெள்ளவத்தையில் குடியிருந்தேன். நெற்றியில் பொட்டு, அடையாள அட்டையில் பிறந்த இடம் யாழ்ப்பாணம். அலுவலகம் போய்ச் சேர்வதற்குள் என் கைப்பையை என்னைவிட அதிகம் பேர் துழாவியிருப்பார்கள். அதற்குப் பிறகு மேசையில் உட்கார்ந்து நாட்டின் எரிபொருள் எதிர்காலத்தைப் பற்றி எழுத வேண்டும். எனக்கு எரிச்சல் வரும். அந்த எரிச்சலோடுதான் எழுதினேன்.

அப்போது எங்கள் அமைச்சருக்கு ஐதரசன் ஆசை பிடித்தது. வெளிநாட்டு மாநாடொன்றில் அவரை ஐதரசன் பஸ்ஸில் ஏற்றிச் சுற்றிக் காட்டியிருக்கிறார்கள். திரும்பி வந்த கையோடு, ‘எங்களுக்கும் ஒன்று வேண்டும்’ என்றார். பஸ்ஸுக்கு வழியில்லை, ஓட்டோ செய்யலாம் என்றேன். ‘செய்யுங்கள்’ என்றார். கொட்டாஞ்சேனையில் பழைய அரசாங்க கராஜ் ஒன்றையும் தந்தார்.

உண்மையைச் சொல்கிறேன், எனக்கும் பைத்தியம் பிடித்தது. எண்ணெய்க் கப்பலுக்குக் காத்திருக்காமல் மலைநாட்டு மழையில் வண்டி ஓட்டலாம் என்று எண்ணிப் பாருங்கள். மழை நீர்த்தேக்கத்தை நிரப்புகிறது, நீர்த்தேக்கம் மின்சாரம் தருகிறது, அந்த மின்சாரம் தண்ணீரைப் பிரித்து ஐதரசன் தருகிறது, ஐதரசன் எரிந்து மறுபடி தண்ணீராகிறது. பள்ளிக்கூடத்தில் சோதனைக் குழாயில் ‘பொப்’ என்று வெடித்துக் காட்டுவார்களே, அந்த வாயுவில் கொழும்பின் காலி வீதியில் ஓட்டோ போகும்! பஸ்ஸில் உட்கார்ந்து இதை நினைத்துத் தனியே சிரித்திருக்கிறேன். பக்கத்தில் இருந்த பெண் இடம் மாறி உட்கார்ந்தாள்.

கராஜில் எனக்குத் துணை சேவியர். தொழில்நுட்ப உத்தியோகத்தர், கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்தவர். வேலையை விட வாய் அதிகம், ஆனால் வேலையும் உண்டு. பெற்றோல் எஞ்சின் ஒன்றைக் கழற்றி மாற்றிப் பூட்டினோம். பல நாள் அது இருமியது, துப்பியது, பின்பக்கமாக வெடித்தது. ஒரு முற்பகல் திடீரென்று ஒழுங்காக ஓடத் தொடங்கியது. சேவியர் சாப்பாட்டுத் தட்டைக் கொண்டுபோய்ப் புகைபோக்கிக்கு முன்னால் பிடித்தார்.

“மிஸ்! ஓடி வாங்க மிஸ்! தண்ணி! சைலன்சர்ல தண்ணி வருது!”

தட்டில் சொட்டுச் சொட்டாக நீர். நான் விரலால் தொட்டுப் பார்த்தேன். சூடு.

“குடிச்சுப் பார்க்கட்டுமா?”

“இதைக் குடிச்சு நீர் செத்துப்போனா ஆர் ஓட்டோ ஓட்டுறது?”

“சாகமாட்டேன் மிஸ். எங்கட பைப் தண்ணி குடிச்சே சாகாதவன்.”

சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கராஜைச் சுற்றி நான் ஓடினேன். ஏன் ஓடினேன் என்று கேட்காதீர்கள். உங்களுக்கும் ஒரு நாள் இப்படி ஒன்று வாய்க்க வேண்டும். வாய்க்காதவர்கள் வேறு பிரிவுக்கு மாற்றம் கேட்டுப் போய்விடுவது நல்லது.

சண்டை தொடங்கியது அமைச்சரவைப் பத்திரம் எழுதும்போது. நான் வரைவில் இரண்டு வரி சேர்த்திருந்தேன். முதலாவது: எந்த மின்சாரத்தில் பிரித்தெடுக்கப்பட்டது என்று காட்டப்படாத ஐதரசனைக் குறைந்த காபன் எரிபொருள் என்று அழைக்கக் கூடாது. இரண்டாவது: ஐதரசன் நிரப்பும் இடத்துக்கு மேலே மூடிய கூரை இருக்கக் கூடாது.

இரண்டையும் அமைச்சரின் இணைப்புச் செயலாளர் வெட்டிவிட்டார். வெள்ளைச் சேர்ட் போட்ட, எப்போதும் இரண்டு கைத்தொலைபேசியில் மாறி மாறிக் கதைக்கிற மனிதர். அவருடைய அறைக்குப் போய் நின்றேன்.

“ஏன் வெட்டினீங்கள்?” என்று சிங்களத்தில் கேட்டேன்.

“மிஸ், அமைச்சர் இதை மேடையில் ஒரு வசனத்தில் சொல்ல வேண்டும். ‘தண்ணீரில் ஓடும் வண்டி, புகையே இல்லை.’ முடிந்தது. மின்சாரம் எங்கிருந்து வந்தது என்று யார் கேட்கிறார்கள்?”

“மழை இல்லாத மாதத்தில் எங்கட மின்சாரம் எண்ணெய் எரிச்சு வருது. அந்த மின்சாரத்தில தண்ணியைப் பிரிச்சு ஓட்டோ ஓட்டினா, பெற்றோல் ஊத்தி ஓட்டுறதை விடக் கூடப் புகை. வண்டியில வராது, மின்நிலையத்தில வரும். அங்கே இருக்கிற சனம் சனமில்லையா?”

“பிஸ்ஸுத, மிஸ்?” என்றார். பைத்தியமா என்று கேட்கிறார். “எங்கள் திட்டத்தை நாங்களே குறை சொல்வதா?”

“சரி, கூரை?”

“எல்லா பெற்றோல் நிலையத்துக்கும் கூரை இருக்கிறதே.”

“பெற்றோல் ஆவி கீழே கிடக்கும். ஐதரசன் மேலே ஏறும். கூரை இருந்தா அதுக்குக் கீழே தங்கும். ஒரு பொறி போதும்.”

“கூரை இல்லாவிட்டால் அமைச்சரின் படத்தை எங்கே மாட்டுவது?”

பகிடிக்குச் சொல்லவில்லை. உண்மையாகவே கேட்டார். நான் கதவை அறைந்து சாத்திக்கொண்டு வந்தேன். அந்தக் கதவின் கைப்பிடி என்னோடு வந்துவிட்டது. அதைச் சேவியர் பிறகு கராஜில் ஒரு மேசை லாச்சிக்குப் பூட்டினார்.

வெள்ளோட்ட நாள் குறித்தார்கள். சோதிடரிடம் சுபநேரம் கேட்டு வந்தார்கள். அமைச்சர் மங்கல விளக்கேற்றுவார், பேசுவார், ஓட்டோவில் ஒரு சுற்றுப் போவார். கராஜ் முற்றத்தில், திறந்த வெளியில் நடக்கும் என்று பேச்சு. அது எனக்குச் சரி.

அன்று காலை கராஜ் வாசலிலேயே எனக்குப் பிரச்சினை. என் பையில் இருந்த வாயு உணர் கருவியைப் பெண் பொலிஸ் வெளியே எடுத்தாள். கையடக்கமானது, மேலே சின்ன விளக்கு, பக்கத்தில் பொத்தான். பிரிவில் அது ஒன்றுதான் இருந்தது.

“மேக்க மொகத?” இது என்ன என்றாள்.

“வாயு கசிஞ்சா சத்தம் போடும்.”

“ரிமோட்டா?”

“ரிமோட் இல்லை. வாயு. மணக்காத வாயு. அதுக்குத்தான் இது.”

மணக்காத வாயு என்று ஒரு தமிழிச்சி சொன்னதும் அவள் இன்ஸ்பெக்டரைக் கூப்பிட்டாள். பாதுகாப்புக்குப் பொறுப்பானவர். உயரமான, களைத்த முகமுள்ள மனிதர். கருவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “பொத்தான் உள்ள எதுவும் உள்ளே போகாது, நங்கி. கூட்டம் முடிந்ததும் எடுத்துப் போங்கள்” என்று தங்கச்சியிடம் சொல்வதுபோலச் சொல்லி, அதை ஒரு பிளாஸ்டிக் பேசினில் போட்டார். உத்தியோகத்தர்களின் கைத்தொலைபேசிகளுக்கு மேல் அது கிடந்தது.

உள்ளே போனேன். முற்றத்தில் ஒன்றும் இல்லை. எல்லாவற்றையும் கராஜுக்குள் மாற்றியிருந்தார்கள். கதிரைகள், மேடை, ஓட்டோ, சுவரோரம் ஓட்டோவுக்கு நிரப்புகிற எங்கள் ஐதரசன் சிலிண்டர். பக்கத்து மாடிவீடுகளிலிருந்து யாராவது சுடலாம் என்று ஜன்னல்களுக்குப் பலகை அடித்திருந்தார்கள். கூரை முகட்டில் காற்றுப் போகும் திறப்புகள் இருந்தன. அவற்றையும் பலகையால் மூடியிருந்தார்கள். துருப்பிடித்த தகரம் தெரியக்கூடாதென்று கூரைக்குக் கீழே வெள்ளைத் துணி கட்டியிருந்தார்கள். கலியாண வீடு மாதிரி.

இணைப்புச் செயலாளரிடம் போனேன். “வெளியில் வைக்கச் சொன்னேன்.”

“மேலே பாருங்கள். அத்தனை மாடி. யார் இருக்கிறார்கள் என்று தெரியுமா?”

“எனக்குத் தெரியும். அந்தப் பச்சை பல்கனியில் சேவியரின் மாமி இருக்கிறா. உடுப்புக் காயப்போடுறா.”

அவர் மற்றத் தொலைபேசியை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார்.

இந்த இடத்தில் நிறுத்திக் கவனியுங்கள். இன்ஸ்பெக்டர் முட்டாளில்லை. தன் வேலையைச் சரியாகச் செய்தார். துணி கட்டியவர்களும் தங்கள் வேலையைச் சரியாகச் செய்தார்கள். எல்லோரும் தங்கள் தங்கள் வேலையைச் சரியாகச் செய்து முடித்தபோது, வாயு தங்குவதற்கு அருமையான ஒரு பெட்டி தயாராகிவிட்டது.

அமைச்சர் வந்தார். பேச்சுகள் தொடங்கின. நான் பின்வரிசைக்குப் பக்கத்தில், சிலிண்டர் அருகே நின்றேன். சேவியர் அதற்கு மற்றப் பக்கம். இணைப்புச் செயலாளரின் பேச்சு நீண்டது. அமைச்சரின் பாட்டனாரின் மாட்டுவண்டியிலிருந்து தொடங்கினார். அந்த நேரத்தில்தான் வாசலோரம் இருந்த பித்தளை விளக்கை இரண்டு பேர் மேடைக்கு முன்னால் கொண்டுவந்து வைத்தார்கள். உச்சியில் சேவல் நின்ற பெரிய விளக்கு. எண்ணெய் ஊற்றினார்கள், திரி போட்டார்கள். அறிவிப்பாளர் தாம்பாளத்தில் மெழுகுவர்த்தியும் தீப்பெட்டியும் எடுத்து வைத்துக்கொண்டார்.

“மிஸ்,” என்று சேவியர் முணுமுணுத்தார். “முள் இறங்குது.”

சிலிண்டரின் அழுத்தமானியைப் பார்த்தேன். காலையில் நிரப்பிய அளவில் முள் இல்லை.

“நிரப்பேக்க வாயு சூடாகும். ஆறினா இறங்கும்தானே,” என்றேன்.

“அதுவாயும் இருக்கலாம். இவ்வளவு இறங்குமா?”

“சோப்புத் தண்ணி அடிச்சுப் பாரும். குமிழி வந்தாத் தெரியும்.”

“வாசல்ல பறிச்சிட்டாங்க. போத்தல்ல என்ன திரவம்னு கேட்டாங்க. சோப்புன்னேன். நம்பல.”

“வால்வை மூடும். மெல்ல.”

மூடினார். ஆனால் போனது போனதுதான். கசிந்திருந்தால் அது எங்கள் தலைக்கு மேலே, அந்த வெள்ளைத் துணிக்கு மேலும் கீழும் நிற்கிறது. கசியாவிட்டால் ஒன்றுமில்லை. எனக்குத் தெரியாது. இதை நன்றாக வாசியுங்கள்: எனக்குத் தெரியாது. உங்கள் பாடப்புத்தகத்தில் பொறியியலாளருக்கு எல்லாம் தெரிந்த பிறகுதான் முடிவெடுக்கும் நேரம் வரும். கராஜில் அப்படி வராது.

‘எல்லோரும் வெளியே ஓடுங்கள், வெடிக்கப் போகிறது’ என்று கத்தியிருக்கலாமே என்று கேட்பீர்கள். நீங்கள் அந்தக் காலத்தில் கொழும்பில் தமிழ்ப் பெண்ணாக இருக்கவில்லை. வெடிக்கப் போகிறது என்ற சொல் என் வாயிலிருந்து வந்தால் அதை எச்சரிக்கை என்று ஒருவரும் கேட்கமாட்டார்கள். மிரட்டல் என்றுதான் கேட்பார்கள். அமைச்சருக்குச் சொல்ல அவரை நோக்கி வேகமாக நடந்தால், அவருக்கும் எனக்கும் நடுவில் நிற்கிற துப்பாக்கிகள் என்னிடம் விளக்கம் கேட்கமாட்டா. அவர்கள் சுட்டாலும் பொறிதான். இணைப்புச் செயலாளர் மைக்கில் இருக்கிறார், இன்ஸ்பெக்டர் வாசலுக்கு வெளியே நிற்கிறார். இத்தனை பேரையும் வெளியே கொண்டுபோக எனக்கு அதிகாரமில்லை, நேரமுமில்லை.

பேச்சு முடிந்தது. அறிவிப்பாளர் சுபநேரம் நெருங்குகிறது என்றார். வாசலில் மேளக்காரர்கள் நின்றார்கள். விளக்கடிக்கு அமைச்சரை மேளத்தோடு அழைத்துப் போவதுதான் வழக்கம். எல்லோருடைய கண்ணும் விளக்கில்.

அப்போது விளங்கியது. வாயுவை நகர்த்த முடியாது. சனத்தை நகர்த்த முடியாது. நெருப்பை நகர்த்தலாம்.

“சேவியர், விளக்கைத் தூக்குவம்.”

“எங்க?”

“வெளியில.”

“மிஸ், எங்களைச் சுட்டுப் போடுவாங்க.”

“மெல்ல நடவும். சிரிச்சுக்கொண்டு நடவும்.”

“எனக்குச் சிரிப்பு வரல்ல.”

“வேற நேரத்தில வாயை மூடமாட்டீர், இப்ப சிரிக்கத் தெரியாதோ?”

நடந்தோம். சேலைத் தலைப்பை இழுத்துச் செருகி, இரண்டு கையும் எல்லோருக்கும் தெரியும்படி முன்னால் வைத்துக்கொண்டு, அமைச்சரின் பக்கம் திரும்பாமல், நேரே விளக்கிடம் போனேன். தாம்பாளத்திலிருந்த தீப்பெட்டியை முதலில் எடுத்து இடுப்பில் செருகினேன். அறிவிப்பாளர் வாயைத் திறந்தபடி நின்றார். நான் விளக்கின் தண்டைப் பிடித்தேன், சேவியர் அடியைப் பிடித்தார். நினைத்ததைவிடப் பாரம். எண்ணெய் சேலையில் கொட்டியது.

“பஹன எலியட்ட! எலியட்ட!” என்று உரக்கச் சொன்னேன். விளக்கு வெளியே, வெளியே. அவ்வளவுதான். சோதிடர் சொன்னார் என்றோ திசை மாறியது என்றோ பொய் சொல்லவில்லை. எனக்குப் பொய் சொல்ல நேரமிருக்கவில்லை.

ஒரு துப்பாக்கி என் பக்கம் திரும்பியதைக் கண்டேன். நான் அதைப் பார்க்கவில்லை என்று காட்டிக்கொள்ள வாசலையே பார்த்து நடந்தேன்.

எங்களைக் காப்பாற்றியது மேளக்காரர்கள். வாசலில் நின்ற அவர்கள் விளக்கு புறப்பட்டு வருவதைக் கண்டார்கள். ஊர்வலம் தொடங்கிவிட்டது என்று நினைத்து மேளத்தை அடித்தார்களே பாருங்கள்! அடித்துக்கொண்டே எங்களுக்கு முன்னால் முற்றத்துக்கு நடந்தார்கள். மேளம் அடித்து விளக்குப் போனால் பின்னால் போகவேண்டும் என்று இந்த நாட்டில் எல்லோருக்கும் தெரியும். அமைச்சர் எழும்பினார். அவர் எழும்பினால் எல்லோரும் எழும்புவார்கள். மெய்க்காவலர்கள் திட்டிக்கொண்டு பின்னால் ஓடினார்கள். கராஜ் காலியாகியது. ஒருவரையும் நான் கத்தித் துரத்தவில்லை. எல்லோரும் விளக்கின் பின்னால் வந்தார்கள்.

முற்றத்தின் மற்றக் கோடியில், மதிலோரம் வைத்தோம். தீப்பெட்டியை அறிவிப்பாளரிடம் திருப்பிக் கொடுத்தேன். கடற்காற்றில் குச்சி குச்சியாக அணைந்தது. கடைசியில் அமைச்சர் தன் கையால் காற்றை மறைத்து ஏற்றினார். சுபநேரத்துக்குள் ஏற்றிவிட்டார். கை தட்டினார்கள். பச்சை பல்கனியில் சேவியரின் மாமியும் தட்டினா.

சேவியர் இதற்குள் கராஜின் பெரிய கதவுகளை இரண்டு பக்கமும் தள்ளித் திறந்து, எஞ்சினை முடுக்காமல் ஓட்டோவைக் கையால் தள்ளிக்கொண்டு முற்றத்துக்கு வந்துவிட்டார். வெளியே வைத்து முடுக்கினார். அமைச்சர் ஏறினார். முற்றத்தைச் சுற்றி ஒரு சுற்று, பிறகு தானாகவே கேட்டு இன்னொரு சுற்று. இறங்கிக் குனிந்து புகைபோக்கியில் சொட்டிய நீரைத் தொட்டுப் பார்த்து, நான் பஸ்ஸில் தனியே சிரித்த அதே சிரிப்பைச் சிரித்தார். அந்த ஒரு நிமிடம் எனக்கு அவரைப் பிடித்திருந்தது. வாகனங்கள் சீறிக்கொண்டு புறப்பட்டன. இணைப்புச் செயலாளரும் கூடவே போனார்.

இன்ஸ்பெக்டர் என் முழங்கையைப் பிடித்தார்.

“யார் உங்களுக்கு விளக்கைத் தொடச் சொன்னது?”

“என்ர கருவியைத் தாங்கோ. சொல்கிறேன்.”

அவர் என் முழங்கையை விட்டார். பிறகு பேசினைக் கொண்டுவரச் சொன்னார். கருவியை நிலம் கூட்டுகிற ஒரு தும்புத்தடியின் நுனியில் கட்டினோம். தடியை என்னிடம் தரவில்லை, தானே பிடித்தார். கராஜுக்குள் போய்த் துணியின் மடிப்புக்குள் உயர்த்தினார். கதவுகள் திறந்து இவ்வளவு நேரமாகியும் அது கிறீச்சிட்டது. வேறு மூலையில் உயர்த்தினார். அங்கேயும் கிறீச்சிட்டது. இன்ஸ்பெக்டர் தடியைத் தூக்கியபடி, முகட்டில் தான் அடிக்க வைத்த பலகைகளைப் பார்த்துக்கொண்டு நின்றார். களைத்த முகம் இன்னும் களைத்தது.

“விளக்கை இங்கே ஏற்றியிருந்தால்?”

“நீங்களும் நானும் இப்ப கதைச்சுக்கொண்டிருக்க மாட்டம்.”

அவர் தடியை மெதுவாகச் சுவரில் சாத்தினார். “மிஸ், எனக்கு விளங்குகிறது. ஆனால் ரிப்போர்ட் போய்விட்டது. ‘தமிழ்ப் பெண் ஒருத்தி அமைச்சருக்கு அருகில் சந்தேகமான முறையில் நடந்தாள்’ என்று வயர்லெஸ்ஸில் சொல்லிவிட்டார்கள். வாக்குமூலம் எடுக்காமல் விட முடியாது.”

“எடுங்கோ. போவம்.”

“ஜீப் எல்லாம் அமைச்சரோடு போய்விட்டது.”

மூன்று பேரும் ஓட்டோவைப் பார்த்தோம்.

சேவியர் ஓட்டினார். நானும் இன்ஸ்பெக்டரும் பின்னால். கொட்டாஞ்சேனைச் சந்தைக் கூட்டத்துக்குள்ளால், புகையே இல்லாமல், நீர் சொட்டிக்கொண்டு போனது எங்கள் ஓட்டோ. கைதி என்பதையே மறந்துவிட்டேன். “இழுக்குது! ஏத்தத்திலயும் இழுக்குது சேவியர்!” என்று கத்தினேன். இன்ஸ்பெக்டர் பக்கக் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, “கொஞ்சம் மெதுவாக” என்றார். சோதனைச் சாவடியில் மறித்த பொலிஸ்காரன் உள்ளே தன் அதிகாரியைக் கண்டு சலூட் அடித்தான். வண்டியின் பின்பக்கம் குனிந்து பார்த்து, “மொகக்த தெல்?” என்றான். என்ன எரிபொருள் என்று கேட்கிறான்.

“வதுர,” என்றார் சேவியர். தண்ணீர்.

அவன் எங்களைப் போக விட்டான். பொலிஸோடு வந்தவர்களிடம் பைத்தியத்தைப் பற்றிக் கேட்கக் கூடாது என்று நினைத்திருப்பான்.

நிலையத்தில் வாக்குமூலம் எழுதினார்கள். விளக்கை ஏன் நகர்த்தினாய் என்ற கேள்விக்குச் சொன்னேன்: ‘ஐதரசன் நிரப்பும் இடத்துக்கு மேலே மூடிய கூரை இருக்கக் கூடாது. இருந்தது.’ இன்ஸ்பெக்டர் அதை அப்படியே எழுத வைத்தார். இது உண்மை என்று அமைச்சிலிருந்து ஓர் அதிகாரி வந்து ஒப்பமிட்டால் என்னை விடலாம் என்றார்.

பின்னேரம் இணைப்புச் செயலாளர் வந்தார். முகம் வெளிறியிருந்தது. கருவி கிறீச்சிட்ட கதை அவருக்கு எட்டியிருந்தது. வாக்குமூலத்தை வாசித்தார். தான் வெட்டிய வரியை அங்கே கண்டார். பேனையை எடுத்து ஒப்பமிட்டார்.

“வாருங்கள் மிஸ், போகலாம்.”

நான் உட்கார்ந்திருந்த நீட்டுப் பலகை வாங்கில் இருந்து எழும்பவில்லை.

“பொலிசுக்கு ஒப்பமிட்ட வரியை அமைச்சரவைப் பத்திரத்திலயும் போடுவீங்களா?”

“போடுகிறேன், போடுகிறேன். எழும்புங்கள்.”

“மற்ற வரி?”

“எந்த மற்ற வரி?”

“மின்சாரம் எங்கிருந்து வந்தது என்று காட்டுற வரி.”

“அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? அது வெடிக்காதே!”

“மேலே போற வாயு கண்ணுக்குத் தெரியாது என்று கூரையை மூடினீங்கள். மின்நிலையத்துப் புகை உங்கட மேடையில தெரியாது என்று வரியை மூடினீங்கள். இரண்டும் ஒரே வேலை. ஒன்று உடனே கொல்லும், மற்றது ஆறுதலாய்க் கொல்லும்.”

“மிஸ், இது பொலிஸ் நிலையம்!”

“தெரியும். இங்கேயே இருக்கிறேன்.”

இருந்தேன். அவர் வெளியே போய்த் தொலைபேசியில் கதைத்தார், உள்ளே வந்தார், மறுபடி போனார். சேவியர் வாசலில் ஓட்டோவுக்குள் இருந்து எட்டி எட்டிப் பார்த்தார். சார்ஜன்ட் ஒருவர் எனக்கு வெறுந்தேத்தண்ணி கொண்டுவந்து தந்தார். போகச் சொல்லியும் போகாத தமிழரை அவர் அதுவரை கண்டிருக்கமாட்டார். எனக்குப் பயமில்லை என்று எழுத மாட்டேன். அந்த வாங்கில் இருந்து திரும்பி வராதவர்களின் பெயர்கள் எனக்கும் தெரியும். ஆனால் எழும்பிப் போனால் இனி ஒரு நாளும் அந்த வரியைக் கேட்கும் நிலையில் நான் இருக்கமாட்டேன் என்றும் தெரியும். அவருக்கு என்னை அங்கிருந்து எடுத்தாக வேண்டும். அமைச்சின் பொறியியலாளர் பொலிசில் என்று செய்தி போனால் அமைச்சரின் வெள்ளோட்டம் போயிற்று.

கடைசியில் இன்ஸ்பெக்டருக்குத்தான் பொறுமை போனது. “மஹத்தயா, எனக்கு வேறு வேலை இருக்கிறது. இந்த மிஸ் கேட்கிறதைக் கொடுத்துக் கூட்டிக்கொண்டு போங்கள்!”

“ஹரி, ஹரி,” என்றார் இணைப்புச் செயலாளர். சரி, சரி. “இரண்டு வரியும்.”

“என்ர முன்னாலயே தட்டெழுத்தாளருக்குச் சொல்லுங்கோ.”

இரண்டாவது தொலைபேசியை எடுத்துச் சொன்னார். ஒவ்வொரு சொல்லாக. ஒரு சொல்லை மாற்றப் பார்த்தார், திருத்தினேன். பிறகுதான் எழும்பினேன்.

பத்திரம் அமைச்சரவைக்குப் போனது. இரண்டு வரியோடும் அங்கீகரித்தார்கள். திட்டம் நடக்கவில்லை. யுத்தத்துக்கு எல்லாம் தேவைப்பட்டது, எங்களுக்கு ஒன்றும் மிஞ்சவில்லை. அமைச்சரும் மாறினார். ஓட்டோவின் எஞ்சினைக் கழற்றிப் பழையபடி பெற்றோலுக்கு மாற்றச் சொன்னார்கள். சேவியர் மாற்றினார். அன்று அவர் ஒரு பகிடியும் விடவில்லை. ஆனால் கொள்கை என்று ஒன்று கோப்பில் நின்றது. இத்தனை வருஷமாக ஐதரசன் விற்க வந்த ஒவ்வொரு கொம்பனிக்காரரையும், ‘எந்த மின்சாரம், எங்கே கூரை’ என்று கேட்டு வியர்க்க வைத்தது அதுதான்.

இப்போது நீங்கள் எழுதுகிறீர்கள். உங்கள் வரைவில் கூரை வரி இருக்கிறது. நன்றி. அது வெடிக்கும் என்று உங்களுக்கும் பயம். மின்சார வரியைத்தான் எடுத்துவிட்டு, ‘முதலீட்டாளருக்கு நெகிழ்வு’ என்று எழுதியிருக்கிறீர்கள். ஆர் எழுதினது என்று நான் கேட்கவில்லை. திரும்பப் போடுங்கள்.

உங்கள் அலுவலக வாசலில், லிப்டுக்குப் பக்கத்தில் ஒரு வாங்கு இருக்கிறது. வகுப்புக்கு வந்த அன்று உட்கார்ந்து பார்த்தேன். வசதியாகத்தான் இருக்கிறது.